தண்ணீரில் நின்ற வரிசை

அவைக்குத் தலைமையேற்று அமைதியே உருவாக அமர்ந்திருக்கும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை காந்திமதி அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வல்லம் வடகால் ஊர்ப் பெரியோர்களே, இருங்காட்டுக்கோட்டையில் காலை ஷிப்டை முடித்துவிட்டு முகம் கழுவவும் நேரமில்லாமல் மண்டபத்துக்கு ஓடி வந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே, தென்மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே வாடகை அறைகளில் தங்கி எங்களையும் உறவாக ஏற்றுக்கொண்ட தம்பிகளே, தங்கைகளே, அனைவருக்கும் மேலாக, பெற்ற பிள்ளைகளை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பிய தாய்மார்களே, உங்கள் எல்லோரையும் முன்னாள் சுபேதார் அப்பாவு கைகூப்பி வணங்குகிறேன்.

இன்று என்ன விழா என்பது உங்களுக்குத் தெரியும். சுங்குவார்சத்திரத்தில் செல்போன் தயாரிக்கும் ஆலையில், ஒரு லைனில் நின்று திருகு முடுக்கிக்கொண்டிருந்த பெண், நம் பாண்டிச்செல்வி, இராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறாள். அவளை வழியனுப்பும் விழா. அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் போட்டிருக்கிறீர்கள்: ‘தலைமைப் பண்பை ஊட்டிய தளபதி’. அன்பர்களே, அது இரண்டு வகையிலும் பிழை. நான் தளபதி அல்ல. அவளுக்குத் தலைமைப் பண்பை ஊட்டியவனும் அல்ல. நான் ஊட்டியது என்ன, அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இந்த மேடையில் சொல்லிவிட்டுத்தான் அவளுக்குச் சால்வை போர்த்துவேன். சொல்லாமல் போர்த்தினால் அந்தச் சால்வை என் தோளில்தான் கனக்கும்.

இருபத்தெட்டு ஆண்டுகள் படையில் இருந்தவன் நான். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள், இளம் வீரர்களைச் சிறு தலைவர்களாக வார்க்கும் பள்ளியில் பயிற்றுநர். பத்துப் பேரை எப்படி நடத்துவது, பனிமலையில் எப்படி வழி காட்டுவது, பயந்தவனிடம் எப்படிப் பேசுவது, இவையெல்லாம் அங்கே பாடம். அங்கே என் மேலதிகாரிகள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: கட்டளையைக் கற்றுக்கொடுப்பது பாதி வேலைதான், கட்டளை வராத நேரத்தில் என்ன செய்வது என்று கற்றுக்கொடுப்பதே மீதி வேலை. ஓய்வு பெற்று ஊர் திரும்பினேன். பாதிப் பாடத்தை மட்டும் பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

படைத்தேர்வுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினேன். பொழுது விடிந்ததும் வகுப்பு. எட்டு மணி ஷிப்டுக்குப் பிள்ளைகள் போய்விடலாம். ஊருக்கு மேற்கே இருக்கும் வறண்ட ஏரிதான் மைதானம். ஆறே மாதத்தில் இருபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். பெயர் சொல்லி யாரையும் கூப்பிட மாட்டேன். மார்பில் எண், வாயில் எண், ஏட்டில் எண். ஒன்று முதல் இருபத்து மூன்று வரை.

என் குரலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. (ஆமாம், ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன் தம்பி, நீ சைகை காட்டுவது தெரிகிறது.) அந்தக் குரலைத்தான் நான் பாடமாக வைத்தேன். ‘சாவ்தான்’ என்றால் விறைத்து நிற்க வேண்டும். ‘லைன் தோட்’ என்றால் மட்டுமே கலைய வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஈ உட்கார்ந்தாலும் அசையக் கூடாது, இடி இடித்தாலும் இமைக்கக் கூடாது. இன்னொன்றும் இருந்தது. ‘குரல் பக்கம்’ என்பேன். கண்ணை எங்கும் திருப்பாமல், என் குரல் எந்தத் திசையில் கேட்கிறதோ அந்தத் திசையில் அடியெடுத்து வைக்க வேண்டும். இருபத்து மூன்று இடக்கால்கள் ஒன்றாக எழும், ஒன்றாக விழும். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை பிடிபடாது.

அந்த நாட்களில் என் மாணவன் ஹேமந்தின் தாயார் கனகம் அம்மா ஒருநாள் என்னைத் தேடி வந்தார். அதோ, மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே சொல்கிறேன். “சார், எம் புள்ளைக்கு இன்னா ஆச்சுன்னே தெரில. சோத்தப் போட்டுட்டு, துன்னுடான்னு சொன்னாத்தான் கைய வைக்கிறான். நேத்து சொல்ல மறந்துட்டேன். வேலைக்குப் போய்ட்டு வந்து பாக்கறேன், தட்டு ஆறிப் போய் கீது, அதையே பாத்துகினு குந்திகினு கீறான்.”

தாய்மார்களே, நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். ‘ஒழுக்கம் வந்திருக்கிறது அம்மா, சந்தோஷப்படுங்கள்’ என்றேன். அவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

அது ஒன்றுதானா? ஒரு பிள்ளை வேலை செய்த ஆலையின் கேன்டீனில் யாரோ ஒரு சூப்பர்வைசர் என் குரல் போலக் கனைத்தாராம். வெவ்வேறு மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் நாலு பேர் ஒரே நேரத்தில் எழுந்து விறைத்து நின்றார்களாம். கேன்டீன் முழுக்கச் சத்தம் அடங்கிப் போனதாம். இதையும் எனக்குச் சொன்னார்கள். இதையும் நான் பெருமையாகத்தான் ஊருக்குச் சொல்லித் திரிந்தேன்.

இருபத்து மூன்று பேரில் முதல் எண் அருள்பாண்டி. விருதுநகர்ப் பக்கத்துப் பையன். வெல்டிங் வேலை. நான் இல்லாத நேரத்தில் அவன்தான் வரிசையை நடத்துவான், என் குரலிலேயே நடத்துவான். குரல் என்றால் வெறும் போலி அல்ல. ஒருநாள் கரையில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். ஏரிக்குள்ளிருந்து என் குரல் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை, என் குரல் எனக்கு எதிரே கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தது. முதுகில் சில்லென்று ஏதோ ஓடியது. அந்தச் சில்லிப்பை அன்றே மதித்திருந்தால் எத்தனையோ நன்றாக இருந்திருக்கும்.

கடைசி எண், இருபத்து மூன்று, பாண்டிச்செல்வி. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பெண். எதற்கும் ‘ஏன் சார்’ என்பாள். நிற்கச் சொன்னால் மூக்கைச் சொறிவாள். அவள் எண்ணுக்கு நேரே என் ஏட்டில், ‘தலைமைக்குத் தகுதியில்லை’ என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன். தண்டனையாக ஒரு வேலையும் கொடுத்தேன். மைதானத்தில் யாரும் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லோருடைய போனையும் ஒரு பையில் போட்டு அவள் காவல் காக்க வேண்டும். வகுப்புக்கு முன்னும் பின்னும் அந்தப் போன்கள் அடிக்கும். வீட்டிலிருந்து அம்மாக்கள் கூப்பிடுவார்கள். இவள் எடுத்துப் பேசி, சேதி கேட்டு, உரியவரிடம் சொல்லிவிடுவாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதம். மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்த விடியல். பனி புகைபோல் இறங்கியிருந்தது. மேலே இன்னொரு ஏரி இருக்கிறதே, அது நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். இருந்தும் அன்றைக்குத்தான் ‘சிலைத் தேர்வு’ வைத்தேன். அசையாமல் நிற்பவர்களைத்தான் அதிகாரித் தேர்வுக்கான சிறப்பு வகுப்புக்கு எடுப்பேன், அசைந்தவருக்கு ஓராண்டு உழைப்பும் வீண் என்று அறிவித்தேன். எங்கள் ஏரியில் இன்னும் தண்ணீர் சேரவில்லை, அதற்குள்ளே வரிசையை நிறுத்தினேன். அவர்களுக்கு எதிரே பத்து அடி தள்ளி, ஆலைக்கு மண் அள்ளிய பள்ளம். இரண்டு ஆள் ஆழம். பள்ளத்துக்கு அப்பால், புதிதாகக் கட்டி இன்னும் திறக்காத ஒரு கிடங்கு. அதன் தகரச் சுவர் தெருவளவு நீளம், தென்னை உயரம்.

‘சாவ்தான்’ என்றேன். நின்றார்கள். நான் போய்விட்டேன்.

எங்கே போனாய் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்வி. சுங்குவார்சத்திரம் டீக்கடைக்குப் போனேன். பல பள்ளிக்கூடங்கள் நடத்தும் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். தன் பள்ளிகள் அத்தனையிலும் என் பயிற்சியைத் தொடங்கலாம் என்றார். ‘என் பிள்ளைகள் இப்போது ஏரியில் நிற்கிறார்கள். நான் ஒரு மணி நேரம் கழித்துப் போனாலும் அப்படியே நிற்பார்கள். நேரில் காட்டுகிறேன்’ என்றேன். காட்டுவதற்காகவே நேரத்தை நீட்டினேன். இன்னொரு டீ சொன்னேன். அன்பர்களே, அந்த இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் மேலேரியின் கரை உடைந்தது.

இனிச் சொல்வது பாண்டிச்செல்வி என்னிடம் சொன்னது.

முதலில் ஷூவுக்குள் ஈரம். யாரும் குனியவில்லை. பிறகு கணுக்கால். பிறகு முழங்கால். சத்தமே இல்லாமல் ஏறியதாம் தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் குடம் மிதந்து வந்து அருள்பாண்டியின் இடுப்பில் இடித்து, சுழன்று, விலகிப் போனது. அவன் இமைக்கவில்லை. ஒரு தண்ணீர்ப்பாம்பு வரிசைக்கு நடுவே, ஒருவரைச் சுற்றி அடுத்தவர், அவரைச் சுற்றி அடுத்தவர் என்று, மரங்களுக்கு நடுவே போவதுபோலப் போனது. ஒருவர்கூட அசையவில்லை. பனிக்குள் இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டும் ஒரே முகம். தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது இவள் வரிசையை விட்டு வந்து, அருள்பாண்டியின் மணிக்கட்டைப் பிடித்து, தண்ணீர் ஏறுகிறது என்று சொல்லியிருக்கிறாள். அவன் உதடு அசையாமல் பதில் சொன்னான்.

“தண்ணியும் சார் அனுப்புனதுதான். போய் நில்லு.”

கேட்டீர்களா? மழையை நான் அனுப்பினேன் என்று அந்தப் பிள்ளை நம்பினான். ஏரியை நான் உடைத்தேன் என்று நம்பினான். இந்த நம்பிக்கையை அவன் நெஞ்சில் விதைத்தவன் யார்? நீரூற்றியவன் யார்? உங்கள் முன்னால், ஒலிபெருக்கிக்குப் பின்னால், ஒளிந்துகொள்ள இடமில்லாமல் நிற்கிறானே, இவன்தான்.

நான் திரும்பி வரும்போது சாலையில் முழங்கால் தண்ணீர். காரில் வந்த விருந்தினர் அதைப் பார்த்ததும் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிட்டார். என் வண்டி நின்றுபோயிற்று. ஓடினேன். மதகுப் பக்கம் கரைமேல் ஏறிப் பார்த்தேன். வெள்ளைப் பனி, வெள்ளைத் தண்ணீர், நடுவே ஒரு கறுப்புக் கோடு. இடுப்புக்கு மேலே மட்டும் மனிதர்கள். நேர்க்கோடு, அப்பழுக்கில்லாத நேர்க்கோடு. படையிலேயேகூட அப்படி ஒரு வரிசையை நான் கண்டதில்லை. உயிரோடு இருக்கிறார்களா என்றே எனக்குத் தெரியவில்லை.

தொண்டை கிழியக் கத்தினேன். ‘லைன் தோட்’ என்று கத்தியிருக்க வேண்டும். பதற்றத்தில் என் வாயில் வந்தது வேறு. கரைக்கு என் பக்கம் வரச் சொல்வதாக நினைத்து, ‘குரல் பக்கம்’ என்று கத்தினேன்.

என் பக்கம் மதகில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. என் குரல் அந்த இரைச்சலில் அமிழ்ந்து போனது. ஆனால் அது பனிக்குள் போய், அந்தத் தகரச் சுவரில் மோதி, அங்கிருந்து புறப்பட்டது. எனக்கே கேட்டது. தெளிவாக, நிதானமாக, பதற்றம் கொஞ்சமும் இல்லாமல், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்று என் குரல் என் பிள்ளைகளைக் கூப்பிட்டது. ‘குரல் பக்கம்.’ கத்தியவன் குரலில் இருந்த நடுக்கம் திரும்பி வந்த குரலில் ஏன் இல்லை? விஞ்ஞானம் படித்தவர்கள் இருந்தால் விளக்கம் சொல்லுங்கள். எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இருபத்திரண்டு இடக்கால்கள் ஒன்றாக எழுந்தன. தண்ணீருக்குள் ஒன்றாக விழுந்தன. ஒரே ஒரு ‘சளப்’.

நான் மறுபடி கத்தினேன், நிறுத்துங்கள் என்று. சுவர் அதை எப்படித் திருப்பிச் சொன்னதோ, அவர்கள் இன்னொரு அடி வைத்தார்கள். அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. என் குரலைக் கண்டு நானே பயந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கரையிலிருந்து தண்ணீரில் இறங்கினேன். ஐம்பது வயதைத் தாண்டிய உடம்பு. அவர்கள் இருந்த தூரம் நூறு கஜம்.

அதற்குள் பாண்டிச்செல்வி அவர்களுக்கு முன்னால் போயிருந்தாள். பள்ளத்தின் விளிம்பு குதிகாலில் தட்டுப்படும் இடம் வரை பின்னால் நகர்ந்து, கையை விரித்து நின்றாள். கட்டளை கொடுத்தாளா? இல்லை. கட்டளைக்கு அவர்கள் காது அவளுக்குத் திறக்காது என்று தெரியும். அந்த விடியலில், வரிசை நிற்கும் முன் பைக்குள் அடித்த போன்களில் கேட்டு, இன்னும் சொல்லாமல் வைத்திருந்த சேதிகளைச் சொல்ல ஆரம்பித்தாள். எண்ணைச் சொல்லவில்லை. ஊரறிந்த பெயரைக்கூடச் சொல்லவில்லை. அம்மாக்கள் போனில் கூப்பிட்ட பெயரைச் சொன்னாள்.

“ஏ உருண்ட, ஒங்கம்மா கனகம் போன் பண்ணுனாவ. சாவிய பக்கத்து வீட்ல குடுத்துருக்காவளாம். ஒன்ன வாங்கிக்கிடச் சொன்னாவ.”

ஹேமந்துக்கு வீட்டில் உருண்டை என்று பெயர். அந்த மைதானத்தில் அது யாருக்கும் தெரியாது. அவன் இமைத்தான். குனிந்து தன் இடுப்பைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவன்போலப் பார்த்து, “ஐயோ, இன்னா இது” என்றான்.

அடுத்து எழிலரசி. “பாப்பு, ஒந்தம்பிக்குக் காய்ச்சல் விட்டுட்டாம். இட்லி தின்னானாம்.” எழிலரசி அழ ஆரம்பித்தாள். அடுத்தவனுக்கு ரேஷன் கடைச் சேதி. அதற்கடுத்தவளுக்கு அக்காளை நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற சேதி. வயிற்றுக்கு மேல் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, ஒரு பெண் நின்று வீட்டுச் சேதி சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு சேதிக்கும் ஒரு சிலை மனிதனாகிறது. மனிதரானவர்கள் பக்கத்தில் நின்றவரைப் பிடித்து உலுக்குகிறார்கள். நான் நீந்திக்கொண்டே அதைப் பார்த்தேன். கோடு உடைந்தது. நான் ஓராண்டு உழைத்துப் போட்ட அந்த நேர்க்கோடு என் கண்ணெதிரே உடைந்து, குழம்பி, கூட்டமாகிக் கரையைப் பார்த்துத் திரும்பியது. அதைவிட அழகான காட்சியை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

ஒருவன் மட்டும் திரும்பவில்லை.

அருள்பாண்டியின் போன் ஒருநாளும் அடித்ததில்லை. அவனைக் கூப்பிட வீட்டில் யாரும் இல்லை. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. இது எனக்குத் தெரியாது. என் முதல் எண்ணைப் பற்றி, என் குரலைச் சுமந்தவனைப் பற்றி, எனக்கு இது தெரியாது. பாண்டிச்செல்விக்குத் தெரியும். அவனுக்குச் சொல்ல அவளிடம் சேதி இல்லை. முதல் கட்டளை இன்னும் காதில் ஓயாதவன்போல அவன் மூன்றாவது அடியை எடுத்து வைத்தான். நான்காவதையும் வைத்தான். அவளைத் தாண்டிப் போய், கையை உடம்போடு ஒட்டியபடியே, ஒரு தூணைப்போலப் பள்ளத்துக்குள் இறங்கினான். தண்ணீர் மூடிக்கொண்டது. கையை ஒரு முறைகூட உதறவில்லை.

ஹேமந்தும் எழிலரசியும் இடுப்புப் பெல்ட்டுகளைக் கழற்றிக் கோத்து முனையைப் பிடித்துக்கொள்ள, பாண்டிச்செல்வி குதித்தாள். தாமிரபரணியில் நீந்திப் பழகியவள். முடியைப் பற்றி மேலே கொண்டுவந்தாள். நானும் போய்ச் சேர்ந்து, எல்லோருமாக அவனைக் கரைக்கு இழுத்தோம். வயிற்றை அமுக்கினோம். தண்ணீரைக் கக்கினான். கண்ணைத் திறந்தான். என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக் கேட்டான்.

“சார் லைன் தோட் சொல்லிட்டாரா?”

அன்பர்களே, போர்முனையில் குண்டு விழும் சத்தம் கேட்டவன் நான். அந்தக் கேள்வியைக் கேட்ட காது இன்னும் ஆறவில்லை.

ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தான். உட்காரச் சொன்னால் உட்கார்வான். படுக்கச் சொன்னால் படுப்பான். கண்ணை மூடச் சொல்ல மறந்தால் விட்டத்தைப் பார்த்தபடியே கிடப்பான். மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, நீங்கள் பக்கத்தில் இருங்கள், ஆனால் எதையும் சொல்லாதீர்கள், அவனாக ஒன்றைக் கேட்கும்வரை காத்திருங்கள் என்றார். வாழ்நாளெல்லாம் கட்டளையிட்ட வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்பது பேரை நடத்துவது எளிது, ஒருவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போது தெரிந்தது. ஒருநாள் போனது. இரண்டாம் நாள் போனது. ஐந்தாம் நாள் காலை, கஞ்சியை வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இந்தக் கஞ்சி நல்லால்ல சார். எனக்கு வேணாம்.”

வேண்டாம். அந்த ஒரு சொல்லுக்காக அந்த வராந்தாவில் போய் நின்று, வருவோர் போவோர் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

அருள்பாண்டி இன்று இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அழைத்தேன், வர விருப்பமில்லை என்றான். விருப்பமில்லை என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். என் குரலில் பேசுவதில்லை. மெதுவாக, கொஞ்சம் திக்கி, அவன் குரலில் பேசுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவனுக்குப் போன் செய்கிறேன். சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனாலும் செய்கிறேன்.

பயிற்சிப் பள்ளியை எட்டு மாதம் பூட்டி வைத்தேன். மறுபடி திறக்கச் சொன்னவள் பாண்டிச்செல்வி. மீதிப் பாடத்தை நடத்துங்கள் சார் என்றாள். நடத்துகிறேன். இப்போது என் வகுப்பில் வாரம் ஒருநாள் நான் தவறான கட்டளை கொடுப்பேன். வேண்டுமென்றே கொடுப்பேன். அதை மறுத்துக் காரணம் சொல்பவரைத்தான் அன்றைக்குத் தலைவராக்குவேன். படையை வலுவிழக்கச் செய்கிறாய் என்று பழைய நண்பர்கள் சிலர் கோபிக்கிறார்கள். இல்லை. கட்டளைக்குக் கீழ்ப்படிவது வீரனின் கடமை. ஆனால் கட்டளை எங்கிருந்து வருகிறது, கொடுத்தவனிடமிருந்தா, கொடுத்தவன் போன பிறகு வெறும் தகரத்திலிருந்தா என்று அறிவது தலைவனின் கடமை. அந்த அறிவில்லாத படை, படையா? அது பனிக்குள் நிற்கும் வெறும் கோடு.

நேற்று அவளிடம் கேட்டேன். அன்றைக்கு வரிசையை விட்டு விலகியபோது பயமாக இருந்ததா, அம்மா?

“இருந்துச்சு சார். தண்ணிக்கு இல்ல. அவிய மூஞ்சிக்குத்தான் பயந்தேன். அதுல யாருமே இல்ல.”

யாருமே இல்லாத முகம்! தாய்மார்களே, உங்கள் பிள்ளை மறுபேச்சில்லாமல் சொன்னதையெல்லாம் கேட்கிறதா? மகிழ்வதற்கு முன் அந்த முகத்தில் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். சூப்பர்வைசர் தம்பிகளே, உங்கள் லைன் சத்தமில்லாமல் ஓடுகிறதா? பெருமைப்படுவதற்கு முன் ஒரு முகத்தையாவது நின்று பாருங்கள். பள்ளி நடத்துவோரே, படை நடத்துவோரே, ஊர் நடத்துவோரே, உங்கள் சொல்லுக்கு ஆயிரம் கால்கள் ஒன்றாக எழுகின்றனவா? அந்தக் கால்களுக்கு முன்னால் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க அதில் ஒரு பாண்டிச்செல்வியை நீங்கள் விட்டு வைத்திருக்கிறீர்களா? அந்த ஒருத்தியை உருவாக்குவதுதான் தலைமைப் பயிற்சி. அவளை ஏட்டில் சிவப்பு மையால் அடிக்காமல் இருப்பதுதான் தலைமை.

பாண்டிச்செல்வி, இங்கே வா அம்மா. நாளை முதல் உனக்கு மேலே அதிகாரிகள் இருப்பார்கள். உனக்குக் கீழே வீரர்கள் இருப்பார்கள். மேலே இருப்பவர்களை மதி. கீழே இருப்பவர்களை அறி. எனக்கு மட்டும் ஓர் உதவி செய். இந்தச் சால்வையை வாங்கிக்கொள்ளும்போது என் காலைத் தொடாதே. நீ நிமிர்ந்து நில், நான் உனக்குச் சல்யூட் அடிக்க வேண்டும்.

குற்றத்தைச் சொல்ல மேடையும், கேட்க இத்தனை பொறுமையும் தந்த தலைவர் அம்மையாருக்கும், விழாக் குழுவினருக்கும், ஷிப்டு நேரம் நெருங்கியும் எழுந்து போகாமல் அமர்ந்திருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சின் ஆழத்திலிருந்து நன்றி. பார்த்துப் போங்கள், பனி இறங்கத் தொடங்கிவிட்டது. வணக்கம்.